ஊறுகிறது, தொடாதீர்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது எது என்று கேட்டால், அவசரக்காரர்கள் நெருப்பு என்பார்கள், சக்கரம் என்பார்கள். நெருப்பு சுடும்; சக்கரம் பஞ்சராகும். குறையே இல்லாத கண்டுபிடிப்பு ஒன்றுதான், அது காத்திருத்தல். அதற்கு எண்ணெய் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒரு நாற்காலி இருந்தால் போதும். அந்த அரிய கலையை அறிவியலாகவே உயர்த்திவிட்ட ஓர் அலுவலகத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்க பன்னிரண்டு வாரங்களைப் பற்றி இங்கே சொல்லப்போகிறோம். விருப்பமுள்ள வாசகர்கள் எழுந்து நின்று படிக்கலாம்.

அலுவலகம் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் ஒரு பொத்தானை அழுத்தினால் நம்பர் போட்ட டோக்கன் சீட்டு ஒன்று எட்டிப் பார்க்குமே, அந்தப் பெட்டிக்குள் இருந்துகொண்டு 'உங்கள் முறை வரும்வரை அமரவும்' என்று சொல்கிற மென்பொருளை இவர்கள்தான் எழுதினார்கள். ஊரையே உட்காரவைப்பவர்கள், தாங்கள் மட்டும் உட்காராமல் இருந்தால் நன்றாக இருக்குமா? இருக்காது. அதனால் உட்கார்ந்தார்கள்.

இந்த மென்பொருளைத் துண்டு துண்டாகத்தான் எழுதுவார்கள். துண்டுகளையெல்லாம் சேர்த்து, பூசி, முழுசாகக் கட்டித் தருவதற்கு ஒரு 'பில்டு டூல்' உண்டு. அலுவலகத்தில் அதற்குக் 'கொத்தனார்' என்று பெயர். கொத்தனார் இல்லாத கணினியில் யாராலும் ஒரு வேலையும் பார்க்க முடியாது. கொத்தனாரைக் கொண்டுவந்து ஒரு ஃபோல்டரில் இறக்கிவிட்டால் மட்டும் போதாது. அவர் எங்கே குடியிருக்கிறார் என்று கணினிக்குச் சொல்லவும் வேண்டும். அதற்கு இரண்டு 'சூழல் மாறிகள்', அதாவது கணினி புரட்டிப் பார்க்கும் குறிப்புச் சீட்டுகள். ஒன்றில் கொத்தனாரின் வீட்டு விலாசத்தை எழுத வேண்டும். இன்னொன்று, ஏற்கெனவே கணினியில் இருக்கும் 'பாதை' என்னும் நீளமான விலாசப் பட்டியல். அதன் வாலில் ஓர் அரைப்புள்ளி வைத்து, இந்த விலாசத்தையும் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். மற்ற இடங்களில் இதை ஒரே ஆள், போனில் பேசிக்கொண்டே, நாலு நிமிஷத்தில் செய்துவிடுகிறாராம். நாகரிகம் அந்த அளவுக்குத்தான் வளர்ந்திருக்கிறது, என்ன செய்ய?

இங்கே அதற்கென்று ஒரு துறையே இருந்தது. 'நிறுவல் துறை'. ஒரு மேலாளர், அவருக்குக் கீழே பத்துப் பேர், நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு கையேடு.

மேலாளரை எல்லோரும் 'மாறிலி' என்பார்கள், அவர் காதுபடாமல். அவருடைய கண்ணாடி ஃபிரேம், அவருடைய நாற்காலி, அவருடைய கருத்து மூன்றும் ஒன்பது வருஷமாக மாறவில்லை. அந்தத் துறையின் தவப்பயனான 'வியாழன்-திங்கள் முறை'யைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தம் கணினியில் அந்த இரண்டு மாறிகளையும் எழுதினார். பக்கத்தில் திறந்திருந்த, கட்டளைகளைத் தட்டிக் கொடுக்கும் கறுப்புத் திரையில் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பார்த்தார். 'அப்படி யாரையும் எனக்குத் தெரியாது' என்றது கணினி. மறுபடி கூப்பிட்டார். தெரியாது. இருபது தடவை கூப்பிட்டார். கணினி அசைந்து கொடுக்கவில்லை. மனம் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை லீவு போட்டார். திங்கட்கிழமை வந்து சும்மா ஒரு தடவை கூப்பிட்டார். கொத்தனார் 'இதோ வந்துட்டேன்' என்று வந்து நின்றார்!

சாதாரண மனிதராக இருந்தால் சந்தோஷப்பட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். மாறிலி சிந்தித்தார். வியாழக்கிழமை இல்லாத கொத்தனார் திங்கட்கிழமை வந்தது எப்படி? நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே அந்த 'ஒன்றும் நடக்காமை'யால்தான் வந்திருக்கிறார்! மாறிகள் கணினிக்குள் ஊறியிருக்கின்றன. அன்றே கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கம் எழுதப்பட்டது: 'மாறிகளை வியாழக்கிழமை மட்டுமே இடவும். திங்கட்கிழமை வரை ஊறவிடவும். ஊறும்போது கணினியை அணைக்கவோ, கறுப்புத் திரையைத் தொடவோ கூடாது. திங்கட்கிழமை காலை மேலாளர் முன்னிலையில் கணினியை அணைத்து, எழுப்பி, கூப்பிடவும்.'

அவர் கொத்தனாரை முதன்முதலில் இறக்கிவைத்த ஃபோல்டருக்கு, அவசரத்தில் 'நாளைக்கு_மாத்திக்கலாம்' என்று பெயர் வைத்திருந்தார். அலுவலகத்தின் எண்பத்துநாலு கணினிகளிலும் இன்றுவரை கொத்தனார் அந்த விலாசத்தில்தான் குடியிருக்கிறார்.

இந்தப் புண்ணிய பூமியில்தான் நம்முடைய புது மேடம் காலடி எடுத்துவைத்தார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வேலையில் இருந்தவர். குழந்தை பிறந்தது, வேலையை விட்டார். இப்போது குழந்தை மூன்றாவது படிக்கிறாள். இந்த ஏழு வருஷமும் அவருக்கு 'வீட்ல சும்மா இருக்கா' என்ற பட்டம் இருந்தது. மருந்துக்கடை வைத்திருக்கிற கணவர் அப்படிச் சொல்ல மாட்டார். அவருடைய தங்கை, அதாவது மேடத்தின் நாத்தனார், அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார். வேலை கிடைத்த அன்றைக்கே போன் வந்தது.

"என்ன அண்ணி, வேலைக்குப் போறீங்களாமே? ஏழு வருஷம் கழிச்சு உங்களை எவன் எடுத்தான்?"

"எடுத்துட்டாங்களே."

"நிரந்தரமா?"

அங்கேதான் இடித்தது. பன்னிரண்டு வாரம் தகுதிகாண் காலம். பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் தம் கணினியில் கொத்தனாரை வரவழைத்து, டோக்கன் மென்பொருளை ஒரு தடவையாவது முழுசாகக் கட்டிக் காட்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு நடந்துபோய், அங்கிருந்து லிஃப்டில் இறங்கி வீட்டுக்குப் போகலாம்.

"ஆயிடும்," என்றார் புது மேடம். நாத்தனார் சிரித்தார். அந்தச் சிரிப்பு மேடத்தின் காதில் பன்னிரண்டு வாரமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் வியாழக்கிழமை அவருக்கு உதவியாக உட்கார்ந்தவர் 'அரைப்புள்ளி' என்னும் செல்லப்பெயர் கொண்ட மூத்த அதிகாரி. விலாசத்துக்கும் விலாசத்துக்கும் நடுவில் அரைப்புள்ளி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. பெரிய பொறுப்பு. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர், பாதையின் வாலில் ஒட்டுவதற்குப் பதிலாக, இருந்த பட்டியலையெல்லாம் அழித்துவிட்டுக் கொத்தனாரின் விலாசத்தை மட்டும் எழுதிவிட்டாராம். கணினி தன் சொந்தபந்தம் அத்தனை பேரையும் மறந்துபோய்ப் பித்துப்பிடித்ததுபோல உட்கார்ந்துவிட்டதாம். கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தச் சம்பவத்துக்குக் கறுப்புக் கட்டம் போட்டு அஞ்சலி இருக்கிறது.

"சார், மேல ஒரு பெட்டி இருக்கு, கீழ ஒரு பெட்டி இருக்கு. எதுல எழுதணும்?" என்று கேட்டார் மேடம்.

"மேல எழுதினா உங்களுக்கு மட்டும் மேடம். கீழ எழுதினா இந்த மிஷின்ல யார் உக்காந்தாலும் அவங்களுக்கும் சேர்த்து."

"புரியல."

"மேல தனிக்குடித்தனம். கீழ கூட்டுக்குடும்பம்."

"நம்ம ஆபீஸ்ல எது வழக்கம்?"

"அதுக்கு ஒரு கமிட்டி இருக்கு. நாலு வருஷமா பேசிக்கிட்டு இருக்காங்க. முடிவு வர்ற வரைக்கும் ரெண்டுலயும் எழுதிடுங்க."

எழுதினார். அரைப்புள்ளி பூதக்கண்ணாடியால் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கணினித் திரையின்மேல் குறுக்காக ஒரு காகிதத்தை ஒட்டினார்கள்: 'ஊறுகிறது, தொடாதீர்'. நாலு மூலையிலும் டேப். டேப்பின்மேல் மாறிலியின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை முழுவதும் புது மேடம் அந்தக் காகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேறு வேலை இல்லை. எதிர்ச் சுவரில் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று ஒரு பலகை இருந்தது. அதையும் பார்த்தார்.

திங்கட்கிழமை மாறிலி வந்தார். காகிதம் உரிக்கப்பட்டது. கணினி அணைந்து எழுந்தது. மேடம் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

'அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.'

விலாசத்தில் ஓர் எழுத்து தவறு. அரைப்புள்ளி அரைப்புள்ளியை மட்டும்தான் பார்ப்பார்; எழுத்துகள் அவர் வரம்புக்குள் வராது.

"சின்னத் தப்புதான் சார், இப்பவே திருத்திடறேன்," என்று கையை நீட்டினார் மேடம்.

மாறிலி பதறிப்போனார். "இன்னைக்குத் திங்கட்கிழமைம்மா!"

ஆக, ஒரு தப்புக்கு ஒரு வாரம். இரண்டாவது வாரம் அரைப்புள்ளி விட்டுப்போனது. அரைப்புள்ளி தும்மிக்கொண்டே கையெழுத்துப் போட்டிருந்தார். அப்புறம் ஒரு வியாழக்கிழமை பொது விடுமுறை. இன்னொரு வியாழக்கிழமை மாறிலிக்குப் பல்வலி, கையெழுத்துப் போட ஆளில்லை. கையேட்டில் விலாசத்துக்கு அழகாக மேற்கோள் குறி போட்டிருந்தார்கள். அந்தக் குறியையும் சேர்த்து அப்படியே எடுத்து ஒட்டியது கணினிக்குப் புரியாமல் மூன்று வாரம் போயிற்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தப்பு வெளிப்பட்டதும் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள். வியாழக்கிழமை மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பம்.

"நெட்ல பார்த்தேன் சார். நாலு நிமிஷ வேலைன்னு போட்டிருக்கே?" என்று ஒருநாள் மாறிலியிடம் கேட்டும் பார்த்தார்.

"நெட்ல ஆயிரம் போடுவாங்கம்மா. அவங்க மாறி வேற, நம்ம மாறி வேற. நம்மளது ஊறணும்."

வேறு யாராவது இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்கள். புது மேடம் போகவில்லை. அவருக்குப் பயம். ஏழு வருஷத்தில் உலகம் எங்கேயோ போய்விட்டது, தனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, இத்தனை பேர் இவ்வளவு கம்பீரமாக ஒரு காரியத்தைச் செய்கிறார்கள் என்றால் அதில் ஏதாவது இல்லாமலா இருக்கும் என்று நினைத்தார். தப்பு தன்மேல்தான் என்று ஒரு மனுஷியை இவ்வளவு சுலபமாக நம்பவைத்தது அந்த முறையின் மற்றொரு சிறப்பு.

வீட்டில் நிலைமை இன்னும் சிறப்பு. திங்கட்கிழமை ஆனால் நாத்தனாரின் போன் வந்துவிடும்.

"என்ன அண்ணி, இன்ஸ்டால் ஆயிடுச்சா?"

"ஊறிக்கிட்டு இருக்கு."

"பத்து வாரமாவா? எள்ளு எண்ணெய்க்காகக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது? பேசாம வீட்லயே இருங்க அண்ணி."

மகள் வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் கேட்பாள். "அம்மா, இந்த வாரமும் பெயிலா?" பதினோராவது திங்கட்கிழமை மேடம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். கணவர் வெளியே நின்றுகொண்டு, "தண்ணி வீணாப் போகுதும்மா, ஹால்லயே அழு, நான் டிவியை அணைச்சிடறேன்," என்றார். மேடத்துக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டாவது வியாழக்கிழமை வந்தது.

கணக்கு எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு இட்டால் திங்கட்கிழமைதான் திறக்கலாம். நாளை வெள்ளிக்கிழமையோடு மேடத்தின் காலம் முடிகிறது. கொத்தனார் திங்கட்கிழமை வருவார். பார்க்க மேடம் இருக்க மாட்டார்.

"அப்புறம் எதுக்கு சார் இன்னைக்கு எழுதணும்?" என்றார் மேடம்.

"அது உங்க உரிமைம்மா. பன்னிரண்டு வியாழக்கிழமையும் உங்களுக்கு உண்டு. உரிமையை யாரும் பறிக்க மாட்டோம்," என்றார் மாறிலி. நல்ல மனிதர்.

மேடம் எழுதினார். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக, விரல் வைத்துப் படித்து எழுதினார். போகும்போதாவது சரியாக எழுதிவிட்டுப் போக வேண்டும் என்ற வீம்புதான். அரைப்புள்ளி பார்த்தார். காகிதம் ஒட்டப்பட்டது. மேடத்தைத் தவிர எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

நாலு மணிக்குத் துப்புரவு அக்கா வாக்குவம் கிளீனரை இழுத்துக்கொண்டு வந்தார். பிளக் மாட்ட இடம் தேடினார். மேசைக்கடியில் குனிந்தார். ஒரு வயரைப் பிடுங்கினார்.

மேடத்தின் கணினி அணைந்தது.

"அக்கா!"

"என்ன மேடம்?" துப்புரவு அக்கா நிமிர்ந்தார். இருண்டுபோன திரையையும் அதன்மேல் இருந்த காகிதத்தையும் பார்த்து முகம் வெளுத்துப்போனார். "ஐயையோ! ஊறுகிறதுன்னு போட்டிருக்கே! நான் கெடுத்துட்டேனா?"

"கெடுக்கறதுக்கு இனிமே என்னக்கா இருக்கு," என்றார் மேடம். "விடுங்க. நீங்க பெருக்குங்க."

வயரைத் திரும்ப மாட்டினார். கணினி எழுந்தது. இனி என்ன ஆனால் என்ன என்று காகிதத்தின் ஒரு மூலையை உரித்தார். மாறிலியின் கையெழுத்து டேப்போடு வந்தது. கறுப்புத் திரையைத் திறந்தார். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிட்டு, திட்டுவதாவது திட்டிவிட்டுப் போகலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டார்.

கொத்தனார் வந்தார்! தம் பெயர், வயது, குடியிருக்கும் விலாசம் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தார்.

மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கை மட்டும் ஓடியது. டோக்கன் மென்பொருளைக் கட்டச் சொன்னார். திரையில் வரி வரியாக ஓடி, இரண்டே நிமிஷத்தில் 'கட்டி முடிந்தது, வெற்றி' என்று வந்து நின்றது. துப்புரவு அக்கா வாக்குவம் கிளீனரை அணைத்துவிட்டு, "நல்லதா மேடம்?" என்றார். மேடம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஏழு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த மூளை அப்போதுதான் சோம்பல் முறித்தது. அணைத்து எழுப்பியதாலா வந்தது? இல்லை, வேறு ஏதாவதா? மேடம் மாறிகளைத் துடைத்தார். மறுபடி எழுதினார். இந்தத் தடவை கணினியை அணைக்கவில்லை. கறுப்புத் திரையை மட்டும் மூடிவிட்டு, புதிதாக ஒன்றைத் திறந்தார். கூப்பிட்டார். கொத்தனார் ஆஜர். பழைய திரை பழைய விலாசங்களை மட்டும்தான் தெரிந்து வைத்திருக்கிறது. புதிய திரைக்குப் புதியதும் தெரிகிறது. மூடித் திறந்தால் போதும்! ஒன்பது வருஷமாக ஊறியது மாறிகள் அல்ல. கடிகாரத்தைப் பார்த்தார். துடைத்து, எழுதி, மூடி, திறந்து, எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்.

டீ முடிந்து பத்துப் பேரும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். மேடம் நாற்காலியின்மேல் ஏறாத குறை.

"ஊற வேண்டாம்! யாரும் ஊற வேண்டாம்! மூடிட்டுத் திறந்தா போதும்!"

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒருவர் தம் ஷூவைப் பார்த்தார். இன்னொருவர் ஏற்கெனவே மூடியிருந்த பேனாவை மறுபடி மூடினார். அரைப்புள்ளி மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"மெதுவா பேசுங்க மேடம்."

"உங்களுக்கு... தெரியுமா?"

"எனக்கு ஆறு வருஷமா தெரியும்."

"எனக்கு நாலு," என்றது ஒரு குரல்.

"நான் சேர்ந்த ரெண்டாவது வாரமே கண்டுபிடிச்சிட்டேன்," என்றது இன்னொன்று, கொஞ்சம் பெருமையாகவே.

மேடம் அரைப்புள்ளியின் பக்கம் திரும்பினார். "பாவிகளா! பன்னிரண்டு வாரம் என் பக்கத்துல உக்காந்து பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தீங்களே சார்! நான் தவிச்சதைப் பார்த்தீங்களே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருப்பேன் மேடம். ஆனா சார் மனசு உடைஞ்சிடுமேன்னுதான்..." அரைப்புள்ளி கண்ணாடி அறையைக் காட்டினார். "அவர் கண்டுபிடிச்ச முறை. வருஷா வருஷம் ஆண்டு விழாவுல அந்தத் திங்கட்கிழமைக் கதையைச் சொல்லுவார். ஒன்பது வருஷம் கழிச்சு இது தப்புன்னு அவர் மூஞ்சிக்கு நேரா யார் சொல்றது?"

கண்ணாடி அறையின் கதவு திறந்தது. மாறிலி நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்றார்.

பத்துப் பேரும் தலைகுனிந்தார்கள்.

"அட, எனக்கும் தெரியும்ப்பா!" என்றார் மாறிலி. "அடுத்த மாசமே தெரிஞ்சிடுச்சு. அதுக்குள்ள உங்களை வேலைக்கு எடுத்துட்டேன். நாலு நிமிஷ வேலைக்குப் பத்துப் பேர் எதுக்குன்னு முதலாளி கேட்டா உங்க கதி என்ன ஆகிறது? பிள்ளைகுட்டிக்காரங்க. உங்களுக்காகத்தான் நான் வாயைத் திறக்கலை."

"நாங்க உங்களுக்காகத்தான் சார் திறக்கலை," என்றார் அரைப்புள்ளி. அவர் கண் கலங்கிவிட்டது.

பாசம் என்றால் இதுவல்லவா பாசம்! ஒருவருக்காக ஒருவர் ஒன்பது வருஷம் உண்மையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை குடும்பங்களில் இந்த ஒற்றுமை இருக்கிறது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உருகி நின்ற அந்த நேரத்தில், புது மேடம் ஒருத்தர் அங்கே இருப்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள்.

"அப்ப எனக்காக யாரு சார்?" என்றார் மேடம்.

அரைப்புள்ளி பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"என் வேலை முடிஞ்சிடுச்சு. கட்டிக் காட்டிட்டேன். நாளைக்கு எனக்கு நிரந்தரக் கடிதம் வேணும்."

மாறிலி கையேட்டைப் புரட்டினார். "அதுலதாம்மா சிக்கல். திங்கட்கிழமை, என் முன்னிலையில வந்தாத்தான் செல்லும். வியாழக்கிழமை வந்தது... வந்ததா எடுத்துக்க முடியாது."

பன்னிரண்டு வாரம் வாயைத் திறக்காத மேடம் இப்போது திறந்தார். "சரி சார். நான் நாளைக்கு வீட்டுக்குப் போறேன். போற வழியில முதலாளி ரூம்ல ஒரு நாலு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன். நாலே நிமிஷம்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நிறுவல் துறையின் அவசரக் கூட்டம் கூடியது. பத்தேகாலுக்கு ஆணை வெளிவந்தது. ஒன்பது வருஷத்தில் அந்தத் துறை பதினைந்து நிமிஷத்தில் முடித்த ஒரே காரியம் அது: 'முன்னுதாரணமாகக் கொள்ளப்படக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில், கடந்த வியாழக்கிழமை பிற்பகல் நாலு மணி முதல் நாலேகால் மணி வரை உள்ள நேரம் திங்கட்கிழமையாகக் கருதப்படுகிறது.'

கூடவே நிரந்தரக் கடிதமும் வந்தது. ஆளை வேறு துறைக்கு விட்டால் ஆபத்து என்று தங்கள் துறையிலேயே ஒரு புதிய பதவி உண்டாக்கி உட்காரவைத்தார்கள். 'ஊறல் கண்காணிப்பாளர்'. தனி மேசை, சாயும் நாற்காலி, ஜன்னலோரம். டேப் ஒட்டும் அதிகாரம் முழுவதும் அவருடையது.

அன்றைக்கு நாத்தனாருக்கு மேடமே போன் செய்தார்.

"நிரந்தரம் ஆயிடுச்சு."

"என்ன போஸ்ட் அண்ணி?"

"கண்காணிப்பாளர்."

"கண்காணிப்பாளரா! அண்ணி, நான் அப்பவே சொன்னேன்ல, உங்களால முடியும்னு!"

மகள் "அம்மா பாஸ்! அம்மா பாஸ்!" என்று வீடு முழுக்க ஓடினாள். மேடம் கணவரிடம் சொன்னார்: "பட்டது என்னோட போகட்டுங்க. இனிமே எவங்க புதுசா வந்தாலும், முதல் நாளே காதுல சொல்லிடுவேன். மூடிட்டுத் திறங்கன்னு. அவ்வளவுதான், நாலு நிமிஷம்."

"அதான் நீ," என்றார் கணவர்.

ஐந்து வாரம் கழித்து ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். தலை நரைத்தவர், இருபது வருஷம் வேறெங்கோ இதே வேலை பார்த்தவர். வியாழக்கிழமை சாயங்காலம் மாறிகளை எழுதி முடித்தார். அரைப்புள்ளி பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மேடம் காகிதத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு தம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். காதருகே குனிந்து சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

அதற்குள் நரைத்தலைக்காரர் சத்தமாகவே கேட்டுவிட்டார். "எதுக்கு மேடம் திங்கட்கிழமை வரைக்கும்? இதை மூடிட்டு, வேற ஒண்ணு திறந்தா இப்பவே வந்துடுமே?"

ஹாலில் பத்துத் தலைகள் நிமிர்ந்தன. கண்ணாடி அறைக்குள் பதினோராவது தலை நிமிர்ந்தது. எல்லாக் கண்களும் மேடத்தின்மேல். மேடத்துக்குச் சாயும் நாற்காலி ஞாபகம் வந்தது. 'கண்காணிப்பாளரா!' என்ற குரல் ஞாபகம் வந்தது. தாம் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வாரம் ஞாபகம் வந்தது. நான் மட்டும் பன்னிரண்டு வாரம், இந்த ஆளுக்கு நாலே நிமிஷமா என்று ஓர் எரிச்சலும் வந்தது.

"மெதுவா பேசுங்க சார்," என்றார் மேடம். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, காகிதத்தின் நாலு மூலையையும் அழுத்தி ஒட்டினார்.

கடிதம் அந்த வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது என்னவோ உண்மை. ஆனால் புது மேடம் நிரந்தரமானது இந்த வியாழக்கிழமை சாயங்காலம்தான்.